பதினைந்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் நடுவே

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு கார் பிறப்பதற்கான சொற்கள் காதில் விழும். பிரஸ் ஷாப், பாடி ஷாப், பெயின்ட் ஷாப், அசெம்பிளி லைன், நைட் ஷிஃப்ட். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து ஆலை திறந்தன. 2012இல் டைம்லரின் லாரிகளும் 2013இல் ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் அதே ஒரகடத்தில் இருந்து வெளிவந்தன. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூட ஒரு தகடு எந்தெந்தக் கையைத் தாண்டிக் காராகிறது என்று வரிசையாகச் சொல்லத் தெரியும். அந்தக் கார் முப்பது ஆண்டு ஓடிய பிறகு அதை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதற்கான சொற்கள் மட்டும் இந்தப் பக்கம் அதிகம் புழங்குவதில்லை.

அவை பழைய கார் ஆர்வலர்களிடம் இருக்கின்றன. விண்டேஜ், கிளாசிக், சர்வைவர், மேட்சிங் நம்பர்ஸ், பாட்டினா, ரெஸ்டோமாட், பார்ன் ஃபைண்ட் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் வசதி படைத்தவர்களின் குழூஉக்குறி போலத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பழைய வண்டி பிழைத்துக் கிடக்குமா, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் துண்டு துண்டாகப் பிரிந்து போகுமா என்பதை, அதற்கு நாம் வைக்கிற பெயர்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ‘ஓட்டை வண்டி’ என்றால் ஒரு விலை, ஒரு கதி. ‘கை படாத வண்டி’ என்றால் வேறு விலை, வேறு கதி. இரும்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்தச் சொற்களில் வயதைச் சொல்பவை ஒரு வகை. வண்டியில் பழையது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்பவை இன்னொரு வகை. சண்டையெல்லாம் முதல் வகையைப் பற்றி நடக்கிறது. சாரம் இரண்டாவது வகையில் இருக்கிறது.

வயதைச் சொல்பவை

‘விண்டேஜ்’ என்ற சொல்லைக் கார்களுக்குப் பொருத்தி அதற்கு எல்லை கட்டியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1934இல் தொடங்கிய அவர்களது விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் மன்றம் 1930ஆம் ஆண்டு இறுதியோடு கோடு போட்டது. பொருளாதார மந்தம் வந்த பிறகு கார்கள் மலிவாக, மொத்தமாக, அக்கறை குறைவாகச் செய்யப்பட்டன என்பது அந்த மன்றத்தாரின் எண்ணம். அந்த வகையில் விண்டேஜ் என்பது தொடக்கத்தில் தரத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் இருந்தது. 1930க்குப் பிறகு வந்தவற்றில் நல்லவை என்று கருதியவற்றுக்கு ‘போஸ்ட் விண்டேஜ் தரோபிரெட்’ என்று தனி இருக்கை கொடுத்தார்கள். 1904 முடியும்வரை வந்தவை ‘வெட்டரன்’. அங்கிருந்து முதல் உலகப் போர் முடியும்வரை ‘எட்வர்டியன்’. ஆண்டுதோறும் லண்டனில் இருந்து பிரைட்டனுக்குப் போகும் ஓட்டத்தில் 1905க்கு முன் பிறந்த வண்டிக்குத்தான் இடம்.

அமெரிக்காவில் கதை வேறு. 1952இல் உருவான கிளாசிக் கார் மன்றம் ‘ஃபுல் கிளாசிக்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பேக்கார்ட், டூசன்பெர்க் போன்ற உயர்ரக வண்டிகள் அதில் உண்டு. அதே வயதுள்ள சாதாரண ஃபோர்டு, எத்தனை அழகாகப் பராமரிக்கப்பட்டாலும், உள்ளே வராது. உலக அளவில் 1966இல் அமைந்த ஃபிவா கூட்டமைப்பு இந்தத் தகராறுகளைத் தாண்டி எளிமையான அளவுகோல் ஒன்றை வைத்தது: 30 வயது ஆகியிருக்க வேண்டும், பிறந்தபோது இருந்த நிலைக்கு விசுவாசமாகப் பராமரிக்கப்பட வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது. அதன் பெயர் ‘ஹிஸ்டாரிக் வெஹிக்கிள்’, வரலாற்று வாகனம். ஜெர்மனி இதே 30 வயதைச் சட்டத்தில் ஏற்று, 1997 முதல் எண் பலகையின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்தைச் சேர்க்கிறது. பிரிட்டனில் 40 வயது ஆனால் சாலை வரியும் ஆண்டுத் தகுதிச் சோதனையும் இல்லை.

இந்தியாவில் 2021 வரை மோட்டார் வாகன விதிகளில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற மன்றங்களும், 1964 முதல் டெல்லியில் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் பேரணியும் தாமாகவே பிரிவுகள் வகுத்துக்கொண்டன. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ் மோட்டார் வாகனம்’ நுழைந்தது. முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் அதில் சேரும். சேஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். அது 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். எண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்ற இரண்டெழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குச் சாலையில் இறக்கலாம். தினம் அலுவலகத்துக்கு ஓட்டிப் போக முடியாது.

இதனால் சொல்லின் பொருள் இங்கே முற்றிலும் மாறிவிட்டது. 1974இல் வந்த பிரீமியர் பத்மினி இந்தியச் சட்டப்படி இன்று விண்டேஜ். பிரிட்டிஷ் மன்றத்தாரிடம் அதே சொல்லைச் சொன்னால் அரை நூற்றாண்டு தள்ளிப் பேசுகிறோம் என்பார்கள். இரண்டு பேரும் சரிதான். எந்த நாட்டு விண்டேஜ், எந்த மன்றத்து கிளாசிக் என்று கேட்டுக்கொள்வதே இந்தப் பேச்சுக்குள் நுழைகிறவர் கற்க வேண்டிய முதல் பழக்கம். கம்பெனிகளும் இந்தச் சொல்லைப் பெயர்ப் பலகையில் ஒட்டிக்கொண்டன: கான்டெஸா கிளாசிக் என்பது 1980களின் கார், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 2009இல் வந்த பைக். பெயரில் கிளாசிக் இருப்பது வயதைக் காட்டாது.

உருவமும் வயதைக் காட்டாது என்பதற்கு அம்பாசடரை விட நல்ல சாட்சி இல்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை அது வந்துகொண்டே இருந்தது. கல்யாண ஊர்வலத்துக்குப் பூச்சூட்டி நிற்கிற அம்பாசடரை எல்லோரும் விண்டேஜ் என்பார்கள். அது 2005இல் பிறந்து உள்ளே இசுஸு எஞ்சின் வைத்த வண்டியாக இருக்கலாம். தெரிந்தவர்கள் முகத்தில் உள்ள கிரில்லைப் பார்த்து மார்க் ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். இன்னும் விரைவான வழி எண் பலகை. 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன் நம் வண்டிகளுக்கு மூன்றெழுத்து. ‘எம்.எஸ்.’, ‘எம்.டி.’ என்று தொடங்கினால் மதராஸ் மாநில நாட்கள். ‘டி’ என்று தொடங்கினால் அதற்குப் பிந்தைய தமிழ்நாட்டு நாட்கள். சென்னை தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் அம்பாசடரின் எண் டி.எம்.எக்ஸ். 4777. அந்த எண்ணை எடுத்துவிட்டு ‘டி.என்.’ என்று தொடங்கும் எண்ணை மாட்டினால் தகடும் எஞ்சினும் அப்படியே இருக்கும், வண்டி வேறாகிவிடும். யாரிடம் இருந்தது, எப்போது, எந்தச் சான்றோடு என்பதை ஆர்வலர்கள் ‘ப்ராவெனன்ஸ்’ என்கிறார்கள். நம் ஊரில் அதன் பாதி வேலையை ஆர்.சி. புக்கும் பழைய எண்ணும் செய்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ‘டி.என். 87’ எண்ணுக்கும் ஒரு நாள் இந்த மதிப்பு வரும்.

மிச்சத்தைச் சொல்பவை

இனி இரண்டாவது வகை. எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி இங்கேதான்.

நம் ஷெட்டுகளில் ஒரு பழைய காரை முடித்துக் கொடுக்கும்போது கிடைக்கிற உச்சப் புகழ்ச்சி ஒன்று உண்டு: ‘புது வண்டி மாதிரி இருக்கு.’ டிங்கரிங் செய்பவர் சுத்தியலும் டாலியும் வைத்து நெளிவெடுப்பார். பட்டி பார்ப்பவர் மெழுகு போலத் தேய்த்து விடுவார். அதன் மேல் பெயின்ட், பாலிஷ். கை வேலையாக இதில் நம்மவர்களுக்கு இணை குறைவு. வெளிநாட்டில் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வாங்குகிற இடத்தில் இவர்கள் ஒரு மட்கார்டைத் தட்டையான தகட்டில் இருந்தே அடித்து எடுத்துவிடுவார்கள். ஆனால் இந்தத் திறமை முழுவதும் ஒரே திசையில் போகிறது: பழையதன் தடயத்தை அழிப்பது.

ஆர்வலர் உலகின் உச்சப் புகழ்ச்சி நேர் எதிரானது. ‘சர்வைவர்’ என்றால் ஆலை அடித்த பெயின்ட், ஆலை தைத்த சீட், ஆலை மாட்டிய ஒயரிங் ஆகியவற்றோடு பிழைத்து வந்த வண்டி. ‘அன்ரெஸ்டோர்டு’ என்றால் யாரும் புதுப்பிக்காதது. மங்கிய நிறம், கதவுக் கைப்பிடியைச் சுற்றி விரல் பட்டுத் தேய்ந்த வட்டம், ஸ்டீரிங்கில் ஓடும் மெல்லிய கீறல்கள்: இவை சேர்ந்ததுதான் ‘பாட்டினா’. துருவும் பாட்டினாவும் ஒன்றல்ல. மேற்பரப்பில் படிந்த பழுப்பு பாட்டினா. தகட்டைத் தின்று ஓட்டை போடுவது துரு, அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சென்னையின் உப்புக் காற்றில் அந்த ஓட்டை முதலில் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பகுதியிலும், கதவின் அடி ஓரத்திலும், கால் மிதியின் கீழும் விழும். காரைக்குடி, கோயம்புத்தூர் பக்கம் நின்ற வண்டிகளுக்கு அடிப்பாகம் நன்றாக இருக்கும் என்று வாங்குபவர்கள் தேடிப் போவது இதனால்தான்.

ஒரு முறை போனால் திரும்பாதது ஆலைப் பெயின்ட். 1960களில் அடித்தது டியூகோ அல்லது எனாமல் வகை. இன்று ஷெட்டில் அடிப்பது இரண்டு பாகம் கலந்து காயும் பாலியூரித்தேன். இரண்டும் ஒளியை வேறு வேறு விதமாகத் திருப்பி அனுப்பும். பழைய வண்டிக்குக் கண்ணாடி போன்ற ஆழமான பளபளப்பு வந்துவிட்டால் அது ஆலையில் இருந்து வந்தபோது இருந்ததை விட மேலாகிவிட்டது என்று பொருள். ஆர்வலர்கள் இதை ‘ஓவர் ரெஸ்டோர்டு’ என்று குறையாகவே சொல்கிறார்கள்.

இதை நம் மண்ணில் விளக்க வெகுதூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து மேற்கே காஞ்சிபுரம். கோயில் திருப்பணி என்ற பெயரில் சுவர்களில் மணலை வீசிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்து போனதையும், ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்ததையும் எதிர்த்துத் தமிழகத்தில் எத்தனை குரல்கள் எழுந்தன! புதுப்பிப்பது வேறு, காப்பது வேறு என்ற விவாதத்தை நாம் கல்லில் நடத்தி முடித்திருக்கிறோம். தகட்டில் இன்னும் தொடங்கவில்லை. கருவிகூட அதேதான்: மெல்லிய பானெட் தகட்டில் மணல் வீசினால் அது நெளிந்து, ஆலை அச்சின் நேர்கோட்டை இழந்துவிடும்.

உலகில் காற்று ஏற்கெனவே திரும்பிவிட்டது. கலிஃபோர்னியாவில் 1950 முதல் நடக்கும் பெபிள் பீச் கான்கூர், பழைய கார் போட்டிகளுக்கெல்லாம் தலைமை என்று கருதப்படுவது. கான்கூர் என்றால் ஓட்டப் பந்தயம் இல்லை. நடுவர்கள் வண்டியைச் சுற்றி வந்து திருகாணி வரை பார்த்து மதிப்பெண் போடும் அழகுப் போட்டி. பல பத்தாண்டுகளாகப் பளபளப்பே அங்கே வென்றது. 2024இல் முதல் முறையாகப் புதுப்பிக்காத, பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த வண்டி ஒன்று, 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59, முதல் பரிசு வாங்கியது. அதன் கறுப்புப் பெயின்ட் சிராய்ந்தும் உரிந்தும் இருந்தது. இந்தியாவிலும் 2008இல் கார்டியே, 2011இல் 21 கன் சல்யூட் என்று கான்கூர்கள் வந்தன. அவற்றில் காப்பு, புதுப்பிப்பு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் வளர்ந்தால் நம் ஷெட்டுகளின் பேச்சும் மாறும்.

‘பார்ன் ஃபைண்ட்’ என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல காலம் மறந்து கிடந்து கண்டெடுக்கப்பட்ட வண்டி. மேற்கில் அது வைக்கோல் கொட்டகை. நமக்குச் செட்டிநாட்டு வீட்டின் கார் ஷெட், மூடிக்கிடக்கும் ரைஸ் மில், தோப்பு வீட்டுக் கீற்றுச் சார்ப்பு. கண்டெடுத்தவர் செய்யும் முதல் காரியம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. அது கூடாது. தூசியோடு முதலில் படம் எடுக்க வேண்டும். எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று தெரியும் ஒரே சந்தர்ப்பம் அது.

மேட்சிங் நம்பர்ஸ்

ஆர்வலர் சொற்களில் விலையை அதிகம் உயர்த்துவது இது. ஆலையில் பிறந்தபோது எந்த எஞ்சின் எண்ணோடு எந்த சேஸ் எண் சேர்ந்ததோ, அவை இன்றும் பிரியாமல் இருந்தால் மேட்சிங் நம்பர்ஸ். அமெரிக்கர்கள் இன்னும் உள்ளே போய், கியர் பாக்ஸ், கார்புரேட்டர் ஆகியவற்றின் மேல் உள்ள தேதிகளும் வண்டியின் பிறந்த தேதிக்கு முந்தியவையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நமக்கு இந்தக் கருத்து புதிதில்லை: எஃப்.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் சேஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுத்த தலைமுறை நம்முடையது.

ஆனால் தமிழ்நாட்டுப் பழைய கார்களில் இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் பல நல்ல வண்டிகள் தோற்றுவிடும். பிளைமவுத், செவர்லே, டாட்ஜ் என்று ஊருக்குள் ‘பிளஷர் கார்’ என்று பெயர் வாங்கிய அமெரிக்க வண்டிகள் பெட்ரோல் குடித்தே உரிமையாளரைச் சாய்த்தன. பலர் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் ஆலை செய்த பெர்க்கின்ஸ் வகை எஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த மாற்றத்தால்தான் அந்த வண்டிகள் டாக்ஸியாக ஓடிப் பிழைத்தன. மாற்றாதிருந்தால் எடைக்குப் போயிருக்கும். ஐம்பது ஆண்டுக்கு முன் செய்த அந்த மாற்றத்தை ஆர்வலர்கள் ‘பீரியட் மாடிஃபிகேஷன்’, காலத்தோடு ஒட்டிய மாற்றம் என்று தனியாகப் பார்க்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். டீசல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு அமெரிக்காவில் இருந்து வேறொரு பெட்ரோல் எஞ்சின் இறக்கினால் மெட்ராஸ் வரலாறும் போகும், எண்ணும் பொருந்தாது.

எந்த உறுப்பில் காரின் அடையாளம் குடியிருக்கிறது என்பதற்கு பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை பல ஆண்டுகள் வைத்திருந்த மதிப்பெண் முறை சுவையானது. மாற்றிக் கட்டிய வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளி வேண்டும். சேஸ் அல்லது மோனோகாக் உடலுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் அமைப்பு, ஸ்டீரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு வெறும் 1. எஞ்சின் தேய்கிற பொருள், எலும்புக்கூடுதான் ஆள் என்பது அந்தக் கணக்கின் உட்பொருள். இந்தியாவின் 2021 விதி சேஸ், பாடி, எஞ்சின் மூன்றையும் சம நிலையில் வைத்து, எது பெரிய மாற்றம் என்பதை அதிகாரியின் கண்ணுக்கு விடுகிறது. டீசல் ஏற்றிய பழைய டாக்ஸிகளுக்கு இது தடையாக நிற்கிறது. இந்த இடத்தில் விதி திருந்த வேண்டும்.

‘ரெஸ்டோமாட்’ என்பது பழைய உடலுக்குள் புதிய எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏ.சி. எல்லாம் வைத்து இன்றைய காராக ஓட்டுவது. மேற்கில் பெரிய தொழில். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடையில் நிற்கிறது. உற்பத்தியாளர் பதிவு செய்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பந்தயத் தளத்துக்குள் அந்தத் தடை இல்லை. சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களுக்கும், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய தளத்துக்கும் ஃபியட், ஹெரால்டு வண்டிகளைப் பிரித்துச் சொந்தமாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒற்றை வண்டிக்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர். பல வண்டிகளின் பாகங்கள் சேர்ந்து ஒன்றானால் அது ‘பிட்சா’. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் கட்டியவரின் நோக்கம்தான்.

எலும்புக்கூடு என்றதும் இன்னொன்று. ‘ஃப்ரேம் ஆஃப் ரெஸ்டோரேஷன்’ என்று அமெரிக்கர்கள் சொல்வது உடலைச் சேஸில் இருந்து தனியே தூக்கிச் செய்யும் முழு வேலை. அம்பாசடர், பத்மினி இரண்டிலும் தனிச் சேஸ் கிடையாது, உடலே எலும்பு. அவற்றுக்கு இந்தச் சொல் பொருந்தாது. உண்மையில் பொருந்துவது பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் செய்த ஹெரால்டுக்கு: சேஸ் தனி, மேலே உடல் துண்டு துண்டாகத் திருகாணியில் நிற்கும், பானெட் முழுவதும் முன்பக்கமாகத் திறக்கும்.

பாகங்களைப் பற்றிய சொற்களிலும் இந்த ஹெரால்டு பாடம் சொல்கிறது. ‘என்.ஓ.எஸ்.’ என்றால் அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் பெட்டிக்குள் கிடந்த பழைய புதுச் சரக்கு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளின் மேல் பரணில் அவை இருக்கும். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். செய்த டைனமோ பாகம் அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் வாங்குபவர் பெட்டியையும் சேர்த்துப் பத்திரப்படுத்துவார். ‘ரெப்ரோ’ என்றால் இப்போது புதிதாகச் செய்த நகல். ‘டோனர்’ என்றால் பாகம் கொடுப்பதற்காகவே உயிர் விடும் வண்டி. புதுப்பேட்டை முழுவதும் டோனர்கள்தான். ஹெரால்டின் எஞ்சின், பிரேக் பாகங்கள் பிரிட்டனில் இன்றும் ரெப்ரோவாகக் கிடைக்கின்றன, காரணம் அங்கே அது டிரையம்ப் ஹெரால்டு. ஆனால் நான்கு கதவு ஹெரால்டும், 1972இல் வந்த கெஸலும் இந்தியாவில் மட்டுமே பிறந்தவை. அவற்றின் பின்கதவை உலகில் யாரும் செய்வதில்லை. அந்தக் கதவு துருப்பிடித்தால் தட்டி எடுக்க நம் டிங்கர்தான் கதி. பெருங்களத்தூர் ஆலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது; அச்சுகளைக் கேட்டுப் போக இடமில்லை.

பெயர் கிடைக்காத வண்டிகள்

ஒரகடம் சாலைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த ஹூண்டாயின் முதல் சான்ட்ரோவுக்கு ஃபிவா கணக்கில் 2028இல் 30 வயது முடிகிறது. அன்றைக்கு அது உலகப் பார்வையில் வரலாற்று வாகனம். இந்தியச் சட்டத்தின் விண்டேஜ் ஆக 2048 வரை காத்திருக்க வேண்டும். 1998இல் திருவள்ளூரில் தொடங்கிய லான்சருக்கும், 1999இல் மறைமலை நகரில் வந்த ஃபோர்டு ஐகானுக்கும் இதே நிலைதான். மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் கார் செய்வதை நிறுத்திவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் சட்டத்துக்கு அந்த வண்டி வெறும் பழைய வண்டி. 15 வயதில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். சந்தையில் வண்டியின் விலையே ஐம்பதாயிரம் தாண்டாதபோது இதைக் கட்டுவார் யார்? ஸ்கிராப்புக்குப் போகும். காசு நிறைய உள்ளவரின் பென்ட்லி பிழைக்கும், நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார் பிழைக்காது. சென்னையின் பக்கத்தில் தொழில் எழுந்த காலத்துக்குச் சாட்சி பென்ட்லி அல்ல. ஜெர்மானியர்கள் 20 முதல் 30 வயதுக்கு இடைப்பட்ட வண்டிகளை ‘யங்டைமர்’ என்கிறார்கள். இந்தியாவுக்கு அப்படி ஒரு படி சட்டத்திலேயே வேண்டும்: 30 வயது, மாற்றாத வண்டி, ஆண்டுக்கு வரையறுத்த தூரம், குறைந்த கட்டணம்.

இந்தத் தலைமுறைக்குச் சொற்களும் மாறுகின்றன. சான்ட்ரோவை மார்க் எண்ணால் பிரிப்பதில்லை. முதல் முகமா, ஜிப் டிரைவா, 2003இல் வந்த ஸிங்கா என்று கேட்கிறார்கள். சேஸ் எண் இப்போது 17 எழுத்தில் வருகிறது. ஹூண்டாய் இந்தியாவின் வண்டி ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும். மேட்சிங் நம்பர்ஸ் என்பதில் எஞ்சினோடு கூட எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டியையும் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பெட்டி போனால் கார்புரேட்டரைப் போலப் பிரித்துத் துடைத்து மாட்ட முடியாது. வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் நொறுங்கும். அதைத் தட்டி எடுக்கும் டிங்கர் இல்லை. முப்பரிமாண அச்சு இயந்திரமும், அந்தப் பெட்டியின் மென்பொருளைப் படித்து வைப்பவரும்தான் நாளைய பட்டறை. இந்த இரண்டு திறமையும் இதே வழித்தடத்துப் பொறியியல் கல்லூரிகளில் இருக்கின்றன.

ஆகவே இருபத்தைந்து வயதை நெருங்கும் காரை வைத்திருப்பவருக்கு இப்போதே சொல்ல வேண்டியது உண்டு. பம்பரில் கீறல் இருந்தால் முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க வேண்டாம். டெலிவரி பில், சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி, ஜாக்கி, கண்ணாடியின் மூலையில் ஆலை ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, தேதி எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அந்த வண்டியை லைனில் பூட்டிய தொழிலாளர்களில் பலர் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களில்தான் வசிக்கிறார்கள். எந்தத் திருகாணி எந்த நிறத்தில் வந்தது, முதல் ஆண்டு சீட் துணி எப்போது மாறியது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். அதைக் கேட்டு எழுதி வைக்கும் வேலையை ஒரகடத்துக் கல்லூரி மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.